கறுப்பு மண்ணில் மேய்ந்த கோழிகள்

காலையில் கொட்டகைக் கதவைத் திறந்தால் முதலில் வெளியே வருவது சத்தம்தான். பின்னாலேயே நூற்று நாற்பது கோழிகள் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு, என் சேலைக் கரையை மிதித்துக்கொண்டு பாயும். அன்றும் பாய்ந்தன. எல்லாம் போன பிறகு, உமியின் மேல் ஒன்று மட்டும் உட்கார்ந்திருந்தது.

செம்பழுப்பு நிறப் பெட்டை. முட்டை வைப்பதில் கெட்டிக்காரி. இறக்கை இரண்டும் பக்கவாட்டில் தொங்கின. என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தது. இரண்டு அடி வைத்தது. கால் பின்னி, மார்பு தரையில் பட விழுந்தது.

தூக்கினேன். கனமே இல்லை. இறகுக்குள் விரலை விட்டால் நெஞ்செலும்பு கத்திபோலக் குத்தியது. சிவந்திருக்க வேண்டிய கொண்டை வெளிறிப் போயிருந்தது. வால் பக்கத்து இறகெல்லாம் பச்சை எச்சத்தில் ஒட்டிக் கிடந்தது.

பொங்கல் கழிந்த வாரம். வயலில் பனி இன்னும் விலகவில்லை. கோழியை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இந்தப் பக்கங்களில் இதுவரை எங்கள் கோழிகளைப் பற்றிப் பெருமையாகவே எழுதி வந்திருக்கிறேன். இந்தக் காலையைப் பற்றி எழுத வேண்டிய இடம் வந்தபோதெல்லாம் வேறு எதையாவது எழுதி அனுப்பித் தப்பித்துக்கொண்டேன். இனி தப்பிக்க வேறு கதை இல்லை.

இரண்டுக்கும் ஆகிற கோழி

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

என் வீட்டுக்காரர் தாமோதரன், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு உருக்கும் ஆலையில் உலைக்காரராக இருந்தவர். அதே ஆலையில் நான் எடைமேடையில் வேலை பார்த்தேன். உலைச் சூட்டில் அவருக்கு ஒரு கண் மங்கத் தொடங்கியதும் இரண்டு பேரும் வேலையை விட்டோம். ஆரம்பாக்கத்துக்கு இந்தப் பக்கம் அவர் அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கர் இருந்தது. பிள்ளைகள் இல்லை. இருந்ததெல்லாம் இந்த நிலமும் நாங்களும்.

உரமும் பூச்சிமருந்தும் இல்லாத விவசாயம் என்பதை அவர்தான் முதலில் பிடித்துக்கொண்டார். "இருவது வருசம் பொகைய துன்னாச்சி சுசீலா. இனிமே மண்ணுலயாவது மருந்து வாணாம்" என்றார். நெல்லும் காய்கறியும் அவருடையது. கோழி என்னுடையது.

நான் தேர்ந்தெடுத்தது கிரிராஜா. முட்டைக்கென்றே வளர்க்கிற வெள்ளைக் கோழி ஒரு வகை. கறிக்கென்றே ஊதவைக்கிற பிராய்லர் ஒரு வகை. இது இரண்டுக்கும் ஆகிற கோழி. நாட்டுக்கோழியைவிட அதிகம் முட்டை வைக்கும். சேவல் நாலு மாதத்தில் கறிக்குத் தயாராகிவிடும். கூண்டில் அடைக்கத் தேவையில்லை. வெளியே விட்டால் தானே தேடித் தின்னும். முட்டைப் பண்ணைகளில் பொரிந்த சேவல் குஞ்சை அன்றைக்கே கொன்றுவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். என் பண்ணையில் எந்தக் குஞ்சும் வீண் இல்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

நொய்யும் தவிடும் முருங்கைக்கீரையும் போடுவேன். தொட்டியில் அசோலாப் பாசி வளர்த்தேன். பானையில் சாணியும் கோணிக் கிழிசலும் அடைத்துக் கவிழ்த்து வைத்தால் மறுநாள் கரையான் கட்டியிருக்கும். அதைக் கொட்டும்போது கோழிகள் போடுகிற கூத்தைப் பார்க்கவே பக்கத்து வயல்காரர்கள் வருவார்கள். வெள்ளைக்கழிச்சலுக்கு மட்டும் தடுப்பு மருந்து போட்டுவிடுவேன். மற்றபடி இஞ்சி, மிளகு, மஞ்சள்.

முட்டையை விற்றுக் கொடுத்தவர் மெஹருன்னிசா அக்கா. பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம். கும்மிடிப்பூண்டி பஜார் தெருவில், வீட்டின் முன்னறையிலேயே மளிகைக் கடை. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். வாயில் எதையும் ஒளித்துப் பேசத் தெரியாதவர். முதல் நாள் என் முட்டையை உடைத்துக் கருவை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இது நிக்குது பாரு. உன் முட்டைக்கு நான் பொறுப்பு" என்றார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் என் முட்டையைச் சந்தேகப்பட்டதில்லை. அவர் சொன்னால் போதும்.

அந்தத் தை மாதம் அவருடைய மகள் ஷமீமா ஏழாம் மாதக் கர்ப்பத்தோடு தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். "தெனம் ரெண்டு முட்ட குடுக்குறேன் அதுக்கு. எல்லாம் உன் கோழி முட்டதான்" என்று மெஹருக்கா சொன்னபோது எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மண் வந்த விதம்

முந்தைய ஐப்பசியில் மழை பேய்மாதிரிக் கொட்டியது. எங்கள் கொட்டகை தாழ்வான இடம். ஒரு பகல் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் வாளியால் தண்ணீரை இறைத்தோம். இறைக்க இறைக்கத் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. மூன்று வாரக் குஞ்சுகள் முப்பதுக்கு மேல் மூலையில் ஒன்றாக ஒடுங்கி நின்று, நின்ற நிலையிலேயே மூழ்கிப் போயின. அவற்றை முறத்தில் அள்ளும்போது நான் அழுதேன். அவர் அழவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கார்த்திகையில் வெயில் வந்ததும், தொழிற்பேட்டையில் கழிவு எடுக்கிற ஒரு கான்ட்ராக்டரைப் பார்க்கப் போனார். பழைய பழக்கம். உலையில் இரும்பின் மேல் மிதக்கிற கசடு ஆறினால் கல்மாதிரி ஆகிவிடும், தண்ணீர் தேங்காது, பள்ளம் தூர்க்க நல்லது. அவருக்கு அது கைவந்த பொருள். நாலு லாரி வந்தது. கறுப்பாக, சரளையாக. அவரே மண்வெட்டி பிடித்து நிரவினார். மூன்று நாள் வேலை. முதுகைப் பிடித்துக்கொண்டு வந்து, "இனிமே ஒரு குஞ்சு சாவாது, பாரு" என்றார்.

மார்கழி மழையில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நிற்கவில்லை. கோழிகளுக்கும் அந்தக் கறுப்புத் தரை பிடித்துப் போயிற்று. நாளெல்லாம் அங்கேதான் கீறிக்கொண்டு நிற்கும்.

கோழிக்குப் பல் இல்லை. சின்னச் சின்னக் கல்லாகப் பொறுக்கி விழுங்கும். வயிற்றில் இருக்கிற தடித்த சதைப்பையில் அந்தக் கல்லை வைத்துத்தான் தீனியை அரைக்கும். எனக்கு இது தெரியும். தெரிந்தும் தோன்றவில்லை.

சிமெண்டு மேடையில்

செம்பழுப்புப் பெட்டை மூன்றாம் நாள் செத்தது. வெள்ளைக்கழிச்சல் என்று பயந்து எல்லாவற்றுக்கும் மஞ்சளும் மிளகும் அரைத்து உருண்டை பிடித்துக் கொடுத்தேன். கைவைத்தியத்தின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. அடுத்த வாரம் இன்னும் இரண்டு. பிறகு ஒரு நாளிலேயே மூன்று.

அந்த மூன்றில் ஒன்றைப் பையில் சுற்றிக்கொண்டு, கூடவே சில முட்டைகளும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா சின்ன வயது. கையுறையை மாட்டிக்கொண்டு, பின்பக்கம் சிமெண்டு மேடையில் வைத்து நிதானமாக அறுத்தார். குடலை முழுக்க விரித்துப் பார்த்தார்.

"கழிச்சல் நோய் இல்லம்மா. அதுக்கான அடையாளமே இல்ல" என்றார். பிறகு அந்தச் சதைப்பையைப் பிளந்து, உள்ளே இருந்ததை ஒரு தட்டில் கொட்டித் தண்ணீர் விட்டு அலசினார். நொய், இரண்டு மூன்று வெள்ளைக்கல், ஒரு வண்டின் இறக்கை. கூடவே ஐந்து சாம்பல்நிறத் துண்டுகள். மிளகு அளவு இருக்கும். தேய்ந்து மழுமழுவென்று இருந்தன.

"இது என்ன? உங்க எடத்துல இருக்கா?"

கோழிகள் கீறிக்கொண்டு நிற்கிற கறுப்புத் தரை நினைவுக்கு வந்தது. "மண்ணு கொட்னோம்" என்றேன்.

அவர் அந்தத் துண்டுகளில் மூன்றையும் ஈரலையும் பரிசோதனைக்குச் சென்னைக்கு அனுப்புவதாகச் சொன்னார். நான் கொண்டுவந்திருந்த முட்டைகளையும் வாங்கி வைத்துக்கொண்டார். "முடிவு வர நாளாகும். ஆனா எனக்குத் தோணுறத சொல்லிடுறேன். இது ஈயமா இருந்தா முட்டையிலயும் போயிருக்கும். இன்னையோட முட்டைய நிறுத்துங்க. யார் யார் சாப்பிட்டாங்களோ அவங்ககிட்ட சொல்லிடுங்க. கர்ப்பமா யாராவது இருந்தா உடனே."

அது செவ்வாய்க்கிழமை.

மீதி இரண்டு துண்டையும் காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தாமோதரன் நல்ல கண் பக்கமாக வைத்துப் பார்த்தார். நகத்தால் அழுத்தினார், பள்ளம் விழுந்தது. காகிதத்தில் தேய்த்தார், பென்சில்போலச் சாம்பல் கோடு விழுந்தது.

"ஈயம்" என்றார். "நம்ம ஒலையில இது கெடையாது. பழைய பேட்டரி ஒடச்சி உருக்குற எடத்துது. கலந்து கொட்டிட்டு போய்க்கீறான்."

அந்தக் காகிதத்தை மேசையில் வைத்தார். "நான் கொட்னது சுசீலா. என் கையால நெரவுனது."

எடைமேடைக்காரி

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும்.

ஒன்பது வருடம் அந்த ஆலையின் வாசலில், ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து லாரிகளை எடை போட்டேன். உள்ளே வருகிற லாரி, வெளியே போகிற லாரி. வருவதில் பழைய இரும்பு, கரி. போவதில் கம்பி. பிறகு, 'கழிவு' என்று சீட்டில் எழுதிய லாரிகள். தினமும் ஆறு, ஏழு. எடை போட்டு, சீட்டைக் கிழித்து, கண்ணாடித் துவாரத்தில் நீட்டுவேன். டிரைவர் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

அந்த லாரிகள் எங்கே போகின்றன என்று ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. தடுப்புக் கம்பு ஏறும், லாரி தாண்டும், கம்பு இறங்கும். அதோடு என் பொறுப்பு முடிந்தது.

எங்கேயோ ஒருத்தர் வீட்டுப் பள்ளத்துக்குத்தான் போயிருக்கும். அங்கேயும் கோழி மேய்ந்திருக்கும்.

அன்று சாயங்காலம் அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது நான் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. ஆனால் அந்தக் கோபம் அவரிடமே நிற்கவில்லை. சுற்றிச் சுற்றி என்னிடமே வந்தது.

நாலு நாள்

"போய் மெஹருக்காகிட்ட சொல்லிடு. இல்லாட்டி நான் போறேன்" என்றார் அவர், புதன் காலையில்.

"ரிசல்ட் வரட்டும். ஒருவேள வேற எதுவாவது இருந்தா? வீணா பீதி கெளப்பிட்டா அப்பறம் ஒரு முட்ட போவாது" என்றேன்.

முட்டை கொண்டுபோவதை நிறுத்திவிட்டேன். அதையே நான் பெரிய நேர்மையாக நினைத்துக்கொண்டேன். திங்கள்கிழமை கொடுத்த இரண்டு அட்டை முட்டை கடையில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததை யோசிக்காமல் இருக்க, நாள் முழுக்க ஏதாவது வேலை செய்துகொண்டே இருந்தேன். கொட்டகையை இரண்டு முறை கழுவினேன்.

வியாழக்கிழமை, சைக்கிளில் கூடை கட்டி வருகிற ஒரு கோழி வியாபாரி வந்தார். கோழிகள் செத்த செய்தி எப்படியோ எட்டியிருந்தது.

"மொத்தமா எடுத்துக்கிறேம்மா. கண்ணுக்கு நல்லாத்தானே கீது? எங்கேர்ந்து வந்துச்சினு எவனும் கேக்க மாட்டான்" என்றார்.

நான் தாமோதரனைப் பார்த்தேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: அவர் சரி என்று சொல்ல வேண்டும் என்றுதான் பார்த்தேன். "நம்ம தோட்டத்துக் கோழினு சொல்லாம குடுத்துட்டா..." என்று வாயைத் திறந்தேன்.

அவர் என்னிடம் பேசவில்லை. வியாபாரியிடம், "இது துன்ற கோழி இல்ல நைனா. நீயும் இது மாதிரி கோழிய யாராண்டயும் வாங்கி விக்காத" என்றார். அவ்வளவுதான். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த நாள் முழுக்க அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளி போயிற்று. சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கிளம்பினேன்.

"இன்னா சுசீலா, கோழிக்கு லீவு வுட்டுட்டியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார் மெஹருக்கா. பிறகு, "மொகம் ஏன் இப்டி கீது? ஒக்காரு, நாஷ்டா துன்னியா?" என்றார்.

நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மண், ஈயம், டாக்டரம்மா சொன்னது. அவர் கையில் இருந்த சர்க்கரைப் பொட்டலத்தை நூல் சுற்றிக் கட்டி முடித்தார். முடித்துவிட்டுக் கேட்டார்.

"டாக்டரம்மா என்னிக்கு சொன்னாங்க?"

"செவ்வாக்கெழம."

"இன்னைக்கி சனி."

உள்ளே ஷமீமா யாருடனோ போனில் பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"நாலு நாளு" என்றார் மெஹருக்கா. "அது ஒரு நாளைக்கி ரெண்டு துன்னுது. எட்டு முட்ட, சுசீலா. முன்ன துன்னது தெரியாம துன்னது. இந்த எட்டு தெரிஞ்சி துன்னது. அதுக்கு தெரியாது. ஒனக்கு தெரியும்."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கத்தவில்லை. கடையில் மிச்சமிருந்த முட்டைகளை எடுத்துப்போய் ஒவ்வொன்றாகச் சாக்கடையில் உடைத்தார். கடைப் பலகையை இழுத்து மூடினார். உள்ளே போய் மகளிடம் என்ன சொன்னாரோ, துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு வெளியே வந்தார்.

"நட. யாராருக்கு குடுத்தேன்னு எனக்கு தெரியும். அத்தன ஊட்டுக்கும் போவணும். நீ சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

பதினேழு வீடு. உச்சி வெயில். ஒவ்வொரு வாசலிலும் நான் முதலில் என் பெயரைச் சொன்னேன். பிறகு மண்ணைச் சொன்னேன். ஒரு வீட்டில் என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் ஒரு கிழவர் சிரித்தார்: "இந்த ஊரு காத்த குடிக்கிறோம். உன் முட்டைல தனியா இன்னா வந்துடப் போவுது?" அந்தச் சிரிப்புதான் அத்தனையிலும் அதிகமாக உறைத்தது. இன்னொரு வீட்டில் இளம் தாய் ஒருத்தி, இரண்டு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நான் சொன்னது புரியாமல் மெஹருக்கா முகத்தையே பார்த்தாள். மெஹருக்கா குனிந்துகொண்டார். "உன் முட்டைக்கு நான் பொறுப்பு" என்று சொன்ன மனுஷி, என்னால் ஒரு சின்னப் பெண் முன்னால் தலை குனிந்தார்.

கடைசி வீடு முடிந்து தெருமுனைக்கு வந்ததும், "இனிமே கடைக்கு வராத" என்றார். திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

எங்கே கொட்டுவது

பரிசோதனை முடிவு நாங்கள் பயந்தபடியே வந்தது. முட்டைக் கருவிலும் ஈயம் இருந்தது.

தாமோதரன் கறுப்பு மண்ணை ஓரடி ஆழத்துக்கு வெட்டி எடுக்க ஆரம்பித்தார். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு நான் சாக்கில் அள்ளினேன். முதல் பாரத்தை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு கான்ட்ராக்டர் இடத்துக்குப் போனோம்.

"நீ கேட்ட, நான் குடுத்தேன். இப்ப வந்து திரும்ப எடுத்துக்கோன்னா?" என்றார் அவர். நாற்காலியில் இருந்து எழவில்லை.

"எங்க ஆல கசடுன்னுதானே சொன்ன? இது பேட்டரி ஒடைக்கிற எடத்துது" என்றார் தாமோதரன்.

"எல்லாம் ஒரே லாரிலதான் போவுது. எவன் பிரிச்சிக்கினு கீறான்?"

"மிச்சத்தெல்லாம் எங்க கொட்றீங்க?" என்று நான் கேட்டேன். ஒன்பது வருடம் கேட்காத கேள்வி.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாம்மா இது பேஜாரு? ஊர்ல பள்ளத்துக்கா பஞ்சம்?" என்றார்.

பாரத்தோடு திரும்பினோம். வழியில் ரோட்டோரம் ஒரு வற்றிய குட்டை. ஆளரவம் இல்லை. தாமோதரன் வண்டியை மெதுவாக்கினார். எனக்குப் புரிந்தது. இரண்டு பேரும் அந்தக் குட்டையைப் பார்த்தோம். சாக்கை அவிழ்த்தால் கால்மணி நேர வேலை. குட்டைக்கு அந்தப் பக்கம் நாலு குடிசை. கொடியில் சின்னச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. வண்டி நிற்கவில்லை.

பிறகு எங்கள் நிலத்திலேயே மேடான மூலையில், செங்கல் கட்டி, உள்ளே வெளியே சிமெண்டு பூசி ஒரு தொட்டி எழுப்பினோம். சாக்குகளை உள்ளே அடுக்கி மேலே தளம் போட்டு மூடினோம். சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு மனு எழுதினோம். ஒருவர் வந்து பார்த்தார், எழுதிக்கொண்டார், போனார். தொட்டி இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது. தோட்டம் பார்க்க வருகிறவர்கள் அது என்ன என்று கேட்டால் சொல்லிவிடுவோம்.

கோழிகளையும் முடித்தோம். எலும்பில் தங்கிய ஈயம் லேசில் போகாது, கறிக்கும் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அவரே வந்து கூட நின்றார். ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டினோம். தீனிக்கு என்று நினைத்து அவை என் காலைச் சுற்றி ஓடி வந்தன. அதற்குமேல் அந்தப் பகலைப் பற்றி என்னால் எழுத முடியாது.

குழந்தை

ஷமீமாவை மெஹருக்கா சென்னைக்கு அழைத்துப்போய் ரத்தப் பரிசோதனை செய்தார். இதெல்லாம் எனக்கு டாக்டரம்மா வழியாகத்தான் தெரியும். ஈயம் இருக்கலாம் என்கிற அளவைவிடக் கொஞ்சம் கூட. பயப்படும் அளவில்லை என்றார்கள். ஒன்றுமே இல்லை என்றும் சொல்லவில்லை. சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் மாத்திரையாகக் கொடுத்தார்கள்.

பங்குனியில் பெண் குழந்தை பிறந்தது. எடை கொஞ்சம் குறைவு. மற்றபடி நலம்.

அந்த எடைக் குறைவு முட்டையாலா, அந்த ஊர்க் காற்றாலா, சும்மா இயற்கையாகவா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. யாராலும் சொல்ல முடியாது என்பதில் ஒளிந்துகொள்ள எனக்கு இடம் இருந்தது. ஒளிந்துகொள்ளத்தான் முடியவில்லை. அதன் பிறகு நான் முட்டை தின்னவில்லை. விரதம் ஒன்றும் இல்லை. வாய்க்குள் போகவில்லை, அவ்வளவுதான்.

அந்த வருட ஆனியில் புதுக் குஞ்சுகள் வாங்கினோம். எனக்குத் தைரியம் இல்லை. தாமோதரன்தான் பிடிவாதம் பிடித்தார். கொட்டகையை வேறு மேட்டுக்கு மாற்றினார். தரைக்கு எங்கள் வயல் மண்ணையே வெட்டிப் போட்டார். அதையும் முதலில் பரிசோதித்துக்கொண்டோம். முட்டை வைக்க ஆரம்பித்ததும் அதையும் சென்னைக்கு அனுப்பினோம். ஒருமுறை அல்ல, மூன்று முறை. மூன்றும் சுத்தம். அப்படியும் எடுத்துக்கொண்டு பஜார் தெருவுக்குப் போக என் கால் எழவில்லை. டாக்டரம்மாவும் அக்கம்பக்கத்தவர்களும் வாங்கிக்கொண்டார்கள்.

ஒரு நாள் முற்பகலில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மெஹருக்கா இறங்கினார். இடுப்பில் குழந்தை. பத்து மாதம் இருக்கும். இரண்டு பல் முளைத்திருந்தது.

நான் அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டேன். அவர் நேரே கொட்டகைப் பக்கம் போனார். காலால் மண்ணைக் கிளறிப் பார்த்தார்.

"இது எங்கேர்ந்து வந்துச்சி?"

"நம்ம வயலு. அவுரு வெட்னது."

"டெஸ்ட் பண்ண காயிதம் கீதா?"

எடுத்துவந்து கொடுத்தேன். படித்துப் பார்க்கவில்லை. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "ஷமீமா படிச்சி சொல்லும். டாக்டரம்மா வாயால கேட்டுட்டுதான் வந்தேன்" என்றார். பிறகு, "ரெண்டு முட்ட அவி" என்றார்.

அவித்துக் கொண்டுவந்து தட்டில் வைத்தேன். கயிற்றுக் கட்டிலில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மொதல்ல நீ துன்னு. நான் பாக்குறேன்."

ஒரு வருடமாக நான் தொடாதது அவருக்கு எப்படித் தெரிந்ததோ, எனக்குத் தெரியாது. ஒருவேளை தெரியாமலேகூடச் சொல்லியிருக்கலாம். உரித்தேன். விரல் சுட்டது. பாதியைக் கடித்தேன். கரு தொண்டையில் நின்றது. மென்றுகொண்டிருக்கும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது. நான் விழுங்கும்வரை அவர் கண்ணை எடுக்கவில்லை.

பிறகு இன்னொன்றை அவர் எடுத்தார். நிதானமாக உரித்து, ஒரு கடி கடித்து, மென்று விழுங்கினார். குழந்தை அவர் மணிக்கட்டைப் பிடித்து முட்டையைத் தன் பக்கம் இழுத்தது.

மெஹருக்கா மஞ்சள் கருவில் கொஞ்சம் விரல் நுனியில் எடுத்தார். கை பாதியில் நின்றது. என்னைப் பார்த்தார்.

"குடுக்கட்டா?" என்று கேட்டார்.

கொட்டகையைப் பார்த்தேன். வயல் வரப்பில் குனிந்து நின்ற தாமோதரனைப் பார்த்தேன். தீனி, மண், தண்ணீர், காகிதம் என்று மனதுக்குள் ஒவ்வொன்றாகத் திரும்பவும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை. குழந்தைதான் அவசரப்பட்டது.

"குடுக்கா" என்றேன்.